பிடுங்கிக் கொடுப்பதா, முறை வைப்பதா?

வீட்டில் இருப்பது ஒரே ஒரு மூன்று சக்கர சைக்கிள். ஐந்து வயது அக்கா ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வயதுத் தம்பி பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான். அடுக்களையிலிருந்து பாட்டியின் குரல் வருகிறது: "நீதானே பெரியவள், தம்பிக்குக் கொடு கண்ணு." அக்கா இறங்குகிறாள். தம்பியின் அழுகை அந்த நொடியே நிற்கிறது. பாட்டிக்கு நிம்மதி.

முதல் வழி இதுதான்: விட்டுக்கொடுக்கச் சொல்வது. இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் அன்று தம்பி கற்றது, உரக்க அழுதால் சைக்கிள் கிடைக்கும் என்பது. அக்கா கற்றது, இரண்டு வருடம் முன்பே பிறந்தது தன் குற்றம் என்பது. பகிர்வதை இருவருமே கற்கவில்லை. மறுநாள் அவள் சைக்கிளைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. சோகமாக இருக்கும் நாய்ப் பொம்மைக்கு ஸ்டிக்கரைக் கொடுக்கும்படி சில சிறு குழந்தைகளிடம் சொல்லிவிட்டார்கள். வேறு சிலரிடம், நீயே வைத்துக்கொள்ளலாம், கொடுக்கவும் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு இன்னொரு பொம்மை வந்தபோது அதிகம் கொடுத்தவர்கள், தாங்களே முடிவெடுத்து முதல் பொம்மைக்குக் கொடுத்த குழந்தைகள்தான்.

"கொடுத்தால் சாக்லேட்" என்ற இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாக்லேட் தீர்ந்த அன்று பகிர்வதும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, முறை வைப்பது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம். மூன்று வயதுக்காரனுக்கு ஐந்து நிமிடமும் ஐந்து மணி நேரமும் ஒன்றுதான். சுற்றுக் கணக்கு அவனுக்குப் புரியும்: கேட் வரை போய்த் திரும்பினால் ஒன்று, மூன்று முடிந்தால் இறங்க வேண்டும். பூங்கா ஊஞ்சலுக்கும் இருபது எண்ணும் பழைய முறையே போதும். காத்திருப்பவன் "ஒன்று, இரண்டு, பதினெட்டு" என்று தாவுவான் என்பதால் பெரியவர் யாராவது உடன் எண்ண வேண்டும்.

இரண்டாவது வகை, போதும் என்று அவளே இறங்கும் வரை விடுவது. அடுத்தது தம்பி என்று மட்டும் அவளிடம் சொல்லி வைப்பது. முதல் நாள் முக்கால் மணி நேரம் ஓட்டினாள், பெரும்பகுதி வீம்புக்காக. யாரும் பிடுங்க வரவில்லை என்று தெரிந்த நான்காம் நாள், பத்தே நிமிடத்தில் "இந்தாடா" என்று அவளே கொடுத்தாள். வீட்டுக்கு என் வாக்கு இதற்குத்தான். வரிசையில் எட்டுப் பேர் நிற்கும் பூங்காவில் இது செல்லாது.

தின்பண்டத்துக்கு முறை உதவாது, பங்குதான். கமர்கட்டைச் சட்டை நுனியில் பொதிந்து காக்காக் கடி கடித்துக் கொடுத்த தலைமுறைக்கு ஒரு விஷயம் தெரியும்: கடித்தவன் கையில்தான் பெரிய துண்டு தங்கும். அதனால் எங்கள் வீட்டில் வெட்டுவது அக்கா, முதலில் எடுப்பது தம்பி. ஓர் அதிரசத்தை அவள் சரிபாதியாக வெட்டும் நேரத்தில் நகைக்கடைக்காரர் ஒரு பவுனை நிறுத்துக் கொடுத்துவிடுவார். அவனோ அளவைப் பார்ப்பதே இல்லை. எள் அதிகம் ஒட்டிய துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.

இன்னொன்றும் உண்டு: பொருளைப் பங்கிடுவதற்கு முன் வேலையைப் பங்கிடுவது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இருவர் சேர்ந்து கயிறு இழுத்துப் பெற்ற பரிசை மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். சும்மா கிடைத்ததை அப்படிப் பிரிக்கவில்லை. பட்டாணி உரிக்க இருவரையும் உட்கார வைத்தபோது நானும் இதைப் பார்த்தேன். உரித்ததில் பாதி வாய்க்குள் போனது, ஆனால் சண்டை வரவில்லை.

விருந்தாளிக் குழந்தைகள் வரும் நாளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். யாருக்கும் தர மனமில்லாத ஒரு பொம்மையை ஆளுக்கு ஒன்றாக முன்பே பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம். சென்ற முறை அக்கா தன் துணி முயலை வைத்தாள். தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பீரோவுக்கு வந்தான்.