அம்பாசடருக்குப் புகைச் சான்றிதழ்: கன்சன் கலர்ட்யூன் எவ்வளவு உதவும்?

கலர்ட்யூன் என்பது சிலிண்டருக்குள் எரியும் தீயின் நிறத்தைக் காட்டும் கண்ணாடி ஸ்பார்க் பிளக். அந்த நிறத்தைப் பார்த்து பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யலாம். எஸ்.யூ. கார்புரேட்டர் (இந்தக் கலவையைத் தயாரிக்கும் பாகம்) உள்ள பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று இது சொல்லாது. 2000-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 1500 பி.பி.எம். வரை அனுமதி. அந்த எண்ணைச் சோதனை மையத்து மெஷின்தான் காட்டும்.

பெட்டிக்குள் கண்ணாடி பதித்த 14 மி.மீ. பிளக், அதற்கான ஒயர், உள்ளே பார்க்க ஒரு குழாய், கரி துடைக்க பிரஷ். பிளக்கைக் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடிக்கு ஆபத்து.

முதலில் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டரின் தொடுமுனை), டேப்பெட் (வால்வு இடைவெளி), கார்புரேட்டர் டாஷ்பாட் ஆயில் எல்லாம் சரிபார்த்துவிடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் நிழலில் நிறுத்திப் பாருங்கள். வெயிலில் நிறமே தெரியாது. மஞ்சளாக எரிந்தால் பெட்ரோல் அதிகம், பன்சன் அடுப்பு நீலம் சரி, வெளிறிய நீலம் குறைவு. கார்புரேட்டருக்கு அடியிலுள்ள ஜெட் நட்டுக்கு (பெட்ரோல் வரும் ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்டு) ஆறு முகம். மஞ்சள் வரும்வரை கீழே இறக்கி, பிறகு ஒவ்வொரு முகமாக மேலே ஏற்றுங்கள். மஞ்சள் மறையும் இடத்தில் நிறுத்தி, ஸ்லோவை (ஐடில் வேகத்தை) சரிசெய்யுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மி.மீ. தூக்கிப் பார்ப்பதும் நல்லது: வேகம் கூடி அப்படியே நின்றால் இன்னும் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு.

எத்தனை முகம் ஏற்றியும் மஞ்சள் போகவில்லையா? சோக் கேபிளைப் பாருங்கள். எஸ்.யூ.வில் சோக் ஜெட்டையே கீழே இழுக்கும். கேபிள் முழுதாகத் திரும்பாவிட்டால் நட்டைத் திருகிப் பயனில்லை.

ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர்தான் தெரியும் என்பது பெரிய குறை. முதல் சிலிண்டரோடு நிறுத்தாதீர்கள். இந்த இன்ஜினில் 1, 2-ஆம் சிலிண்டர்களுக்குக் கலவை போக ஒரு இன்லெட் வழி, 3, 4-க்கு இன்னொன்று. ஒரு ஜோடி வெளிறியும் மற்றது மஞ்சளாகவும் எரிந்தால், வெளிறிய ஜோடியின் பக்கம் மேனிஃபோல்டு கேஸ்கெட் (இன்லெட் குழாயும் இன்ஜினும் சேரும் இடத்தின் அடைப்பு) காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டு நட்டை இறக்கினால் மற்ற ஜோடியில் கார்பன் மோனாக்சைடு எகிறிவிடும். நான்கிலும் நீலம் வந்தும் ஹைட்ரோகார்பன் தோற்றால் பிளக், பாயிண்ட், வால்வு பக்கம் தேடுங்கள், கலவையை விட்டுவிடுங்கள்.

கண்ணாடி பிளக்கோடு நீண்ட நேரம் ரேஸ் பண்ணுவதும் ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய அமைப்பை மாற்றாமல் விட்டால் இன்ஜின் கலவை குறைந்துதான் ஓடும். நான்கு சிலிண்டரிலும் வெளிறிய நீலம் தெரிந்தால் நட்டை ஒரு முகம் இறக்கிப் பாருங்கள்.