பறந்த பொம்மையா, பறந்த ஓவியமா?

காசு கொஞ்சம்தான், ஆனால் நாயகன் பறந்தே தீர வேண்டும். வாரம் ஓர் அத்தியாயமாகத் திரையரங்குகளுக்கு வந்த ஹாலிவுட் சாகசத் தொடர்படங்களில் இந்தச் சிக்கலை இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகத் தீர்த்தன.

ரிப்பப்ளிக் நிறுவனம் முதலில் கேட்டது சூப்பர்மேனைத்தான். உரிமை கிடைக்கவில்லை. 1941-இல் கேப்டன் மார்வெல் என்ற இன்னொரு சித்திரக்கதை நாயகனை வைத்து 12 அத்தியாயங்கள் எடுத்தது. நாயகன் டாம் டைலர். ஆனால் வானில் போவது, ஆளைவிடச் சற்றே பெரிய காகிதக்கூழ் பொம்மை! தந்திரக் காட்சிகளைச் செய்த லைடெக்கர் சகோதரர்கள் அதைக் கம்பிகளில் கோத்து, திறந்தவெளியில் சறுக்கவிட்டார்கள். மேல்நோக்கிப் பறக்க வேண்டுமென்றால் பொம்மையைப் பின்பக்கமாகச் சறுக்கவிட்டுப் படம்பிடித்து, அந்தக் காட்சியைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். 1936-இல் வந்த தங்கள் முதல் தொடர்படத்திலேயே சிறகு மனிதர்களைப் பறக்கவிட்ட அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

பொம்மை மட்டும் போதாது. எகிறிக் குதிக்கும் இடங்களில் சண்டைக் கலைஞர் டேவிட் ஷார்ப் வருவார். ஷார்ப் தாவுகிறார், பொம்மை பறக்கிறது, டைலர் நிமிர்ந்து நிற்கிறார். மூன்றும் ஒரே உடம்பாகத் தெரிவது படத்தொகுப்பின் சாமர்த்தியம். பொம்மை மேலும் பின்னாலுள்ள மலை மேலும் அடிப்பது ஒரே வெயில். கண் நம்பிவிடுவதற்கு அதுதான் காரணம் என்பேன்.

சூப்பர்மேன் கடைசியில் போய்ச் சேர்ந்தது கொலம்பியா நிறுவனத்திடம். 1948-இல் 15 அத்தியாயங்கள், தயாரிப்பு சாம் காட்ஸ்மேன். சூப்பர்மேனாக நடித்த கர்க் அலின் கையை உயர்த்தியதும் கார்ட்டூனாக மாறிவிடுவார். இறங்கும்போது கார்ட்டூன் ஏதாவது ஒரு மறைவுக்குப் பின்னால் போகும், அங்கிருந்து அலின் வெளியே வருவார். கம்பிக்குக் கட்டுப்படாததால் ஓவியம் எந்தப் பக்கமும் திரும்பும், அது நிஜமான வசதிதான். ஆனாலும் ஒவ்வொரு முறை அவர் கிளம்பும்போதும் கதையின் பதற்றம் அறுந்துபோகிறது. அன்றைய ரசிகர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. படம் நன்றாக ஓடி, 1950-இல் இன்னொரு தொடரும் வந்தது.

ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் கேப்டன் மார்வெல்தான், சந்தேகமே இல்லை. மொத்தமாகப் பார்க்காமல் நாளுக்கு ஓர் அத்தியாயம் பாருங்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் உயிருக்கு ஊசலாடும் நாயகன் எப்படித் தப்பினான் என்று தெரிய அன்றைய ரசிகர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள். சூப்பர்மேனையும் ஒதுக்கிவிடாதீர்கள். சூப்பர்மேன் சாதாரண ஆளாக நடமாடும் கிளார்க் கென்ட் வேடத்தில் அலின் காட்டும் கூச்சம் அவ்வளவு இயல்பு.