வெள்ளைப்படுதலுக்கு 'கிட்' வாங்கி நான் பட்ட பாடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்துக்கொண்டே இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் நான் ஏமாந்த அதே கிட்டின் விளம்பரத்தை போனில் காட்டி, "அக்கா, இது வாங்கலாமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 23 வயது, கோவையில் வேலை. ஒவ்வொரு மாதமும் நடுவில் நாலைந்து நாள் எனக்கு வெள்ளைப்படும். முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, தொட்டு இழுத்தால் நூல் போல நீளும். நாற்றம் இல்லை, அரிப்பும் இல்லை. ஆனால் பயம் மட்டும் நிறைய இருந்தது. எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) நான் வயசுக்கு வந்ததிலிருந்து சொல்லி வந்தது ஒன்றுதான்: "வெள்ளப்பட்டா எலும்பு உருகிப் போயிரும் கண்ணு, அதான் நீ இப்படி இளைச்சுக் கெடக்கறே."

இன்ஸ்டாகிராமில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி அதே எலும்பு உருகும் கதையைச் சொன்னபோது, டாக்டரே சொல்கிறாரே என்று நம்பிவிட்டேன். கீழே 'இலவச ஆலோசனை' என்று ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தது. மூன்று கேள்வி கேட்டார்கள். உடனே "உங்களுக்கு கர்ப்பப்பையில கெட்ட நீர் சேர்ந்திருக்குமா" என்று பதில் வந்தது. கிட் விலை 2,499 ரூபாய். பெண்ணுறுப்பின் உள்ளே கழுவ வாசனை போட்ட திரவம், அதைப் பீய்ச்ச ஒரு ரப்பர் பம்பு, தொடையிடுக்குக் கறுப்புக்கு ஒரு கிரீம், பாலில் கலந்து குடிக்க ஒரு பொடி. ஜிபேயில் பணம் போட்டபோது யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது, கம்பெனி பெயர் இல்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

வாய்ஸ் நோட்டில் சொன்னபடி தினமும் இரண்டு வேளை உள்ளே பீய்ச்சிக் கழுவினேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, மீன் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வாடை. வெள்ளைக்கரு மாதிரி இருந்தது போய், சாம்பல் நிறத்தில் தண்ணியாக வர ஆரம்பித்தது. ஆபீசில் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன். கிட் விற்றவர்களிடம் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதைத்தான் சொல்வார்கள்: "கெட்ட நீர் வெளியேறுதுடா, நல்ல அறிகுறி. இப்ப நிறுத்தினா உள்ளயே தங்கிரும்."

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இன்னும் மூன்று வாரம் கட்டிப்போட்டது. உடம்பு மோசமாக ஆக ஆக, மருந்து வேலை செய்கிறது என்றே நினைத்தேன்.

கிரீம் விஷயம் வேறு மாதிரி. முதல் பத்து நாள் அருமையாக இருந்தது, கறுப்பு குறைந்த மாதிரி தெரிந்தது. ஊருக்குப் போனபோது எடுத்துப்போக மறந்து, இரண்டு நாள் தடவவில்லை. தோல் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. சிறுநீர் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும், பாத்ரூமில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதைச் சொன்னபோது, "அந்த இடத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, மேடம் பார்த்துச் சொல்வாங்க" என்றார்கள். எனக்குச் சுரீர் என்றது. முடியாது என்றேன். சரி, அப்படியென்றால் இரண்டாம் கட்ட கிட் எடுங்கள், 3,200 ரூபாய் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். தயவுசெய்து யாரும் போட்டோ அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டு யாராவது அதை வைத்து மிரட்டினால் 1930-க்குக் கூப்பிடுங்கள், சைபர் குற்றங்களுக்கான எண் அது.

கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். இத்தனை நாள் போகாததற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி: "கல்யாணம் ஆயிருச்சா?" கேட்டார்கள்தான். ஆனால் எதற்கு என்று அந்த டாக்டரம்மாவே விளக்கினார். எப்படிப் பரிசோதிப்பது, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, எந்த மருந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்யத்தானாம். உள்ளே கருவி எதுவும் வைக்கவில்லை. ஒரு பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு அவர் சொன்னதை நான் பத்தாம் வகுப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். பெண்ணுறுப்பின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா இருக்கிறது, தயிரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாவின் சொந்தக்காரன். அது லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தை புளிப்பாகவே, பி.எச். என்ற புளிப்பு அளவில் 3.8 முதல் 4.5 வரை, வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருக முடியாது. நான் பீய்ச்சிக் கழுவியது அந்த நல்ல பாக்டீரியாவைத்தான். அது போன இடத்தில் வேறு கிருமிகள் பெருகி, பாக்டீரியல் வெஜினோசிஸ் என்ற தொற்று வந்திருக்கிறது. மீன் வாடை அதன் அடையாளம். முதலில் எனக்கு வந்த வெள்ளைக்கரு மாதிரியான திரவம் கருமுட்டை வெளிவரும் நாட்களில் வருவது. நோயே இல்லை. எலும்பும் உருகவில்லை. நான் இளைத்திருந்ததற்குக் காரணம் ரத்தசோகை, ஹீமோகுளோபின் 9.1.

மெட்ரோனிடசோல் மாத்திரை ஏழு நாள். காசு எதுவும் வாங்கவில்லை. கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று தோலைப் பார்த்தே சந்தேகப்பட்டார். தொடையிடுக்குத் தோல் மெல்லியது, அங்கே ஸ்டீராய்டை நாள்கணக்கில் தடவினால் இன்னும் மெலிந்துபோகும், நிறுத்தியதும் எரியும் என்றார். தோல் தேற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

நம் இடத்தைக் கழுவ வெளியே வெறும் தண்ணீர் போதும். உள்ளே எதுவும் வேண்டாம், அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தயிர்த்திப்பி மாதிரி வந்து அரித்தாலோ, மீன் வாடை அடித்தாலோ, மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தாலோ, அடிவயிறு வலித்துக் காய்ச்சல் வந்தாலோ, மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தம் பட்டாலோ நேரே டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கித் தடவ வேண்டாம். மூலிகை என்று சொன்னாலும் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, முகவரி இருக்க வேண்டும். என் கிரீம் டப்பாவில் ஒரு பூப்படமும் பெயரும்தான் இருந்தன. கர்ப்பப்பை நோயைக் குணமாக்குவோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் கேட்டார்கள், என்னிடம் ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே நிறுத்துங்கள், ஆனால் எதையும் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரம்மா முதலில் கேட்டது அந்த கிரீம் டப்பாவைத்தான். நான் அதற்கு முந்தின நாள்தான் கோபத்தில் குப்பை வண்டியில் போட்டிருந்தேன்.