எங்கள் காலனி அரசுத் தொடக்கப் பள்ளி: ஒன்றரை வருடம் பிள்ளையை அனுப்பிப் பார்த்த பிறகு

பாளையங்கோட்டையில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து, பக்கத்தில் என்ன பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர் என்று வசதியான வீடுகள் வரிசையாக இருக்கும் பக்கம் இது. இங்கே அந்தக் கேள்விக்குப் பதிலாக வரும் பெயர்களில் எங்கள் தெருமுனை அரசுத் தொடக்கப் பள்ளியின் பெயர் மட்டும் வராது. காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. ஆசிரியர்கள் இரண்டே பேர் என்பதால் பள்ளியின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அது அவர்கள் மேல் விழக்கூடாது.

நான் ஆஸ்பத்திரியில் செவிலியர். என் வீட்டுக்காரருக்கு கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. ஒரு பெரிய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 2024 ஏப்ரலில் மகளை முதல் வகுப்பில் சேர்க்கப் பள்ளி தேடினோம். முதலில் போனது தனியார் பள்ளிகளுக்குத்தான். ஒன்றில் வருடத்துக்கு 52,000 ரூபாய், வேனுக்குத் தனி என்றார்கள். என் மகளிடம் ஒரு அட்டையைக் காட்டி ஆங்கிலத்தில் நிறம் கேட்டார்கள். அவள் "மயில்கழுத்துக் கலர்" என்றாள். அவளுடைய ஆச்சியின் சேலையில் இருக்கும் நிறம் அது, சரியாகத்தான் சொன்னாள். கேட்டவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தார். அந்தத் தாளில் என்ன எழுதினார் என்று இரண்டு நாள் என் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் தெருமுனைப் பள்ளிக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். ஹெச்.எம். டீச்சர், "பாத்துட்டே முடிவு பண்ணுங்கம்மா, பின்னால உக்காருங்க" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் தரையில் வட்டமாக இருந்தார்கள். ஒரு மூலையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள், இன்னொரு மூலையில் பொம்மலாட்டத்துக்கு ஒரு துணித்திரை. டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு பீகாரிலிருந்து வந்த ஒருவரின் மகள், ஏழு வயது இருக்கும், கையில் காக்கா பொம்மையை மாட்டிக்கொண்டு கதை சொன்னாள். "காக்கா வடையத் தூக்கிட்டுப் போயிட்டுலா!" என்று அச்சு அசல் நம் ஊர்த் தமிழில். ஐப்பசியில் சேர்ந்தபோது அவளுக்கு ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாதாம். முதல் இரண்டு வாரம் அந்தத் திரைக்குப் பின்னாலேயேதான் உட்கார்ந்திருந்தாளாம். டீச்சர் அவளை வெளியே இழுக்கவில்லை, பொம்மையை மட்டும் கையில் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே என் மனசு முடிவாகிவிட்டது.

ஆனாலும் கிளம்பும் முன் கழிப்பறைப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன். 2021 டிசம்பர் 17 அன்று நம் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்களால் அதை மறக்க முடியாது. இங்கே சுவர் உறுதியாக இருந்தது, கூரை கான்கிரீட், விரிசல் இல்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும், ஃபீஸ் எவ்வளவாக இருந்தாலும், இதை முதலில் பாருங்கள்.

வகுப்பில் நான் பார்த்தது 'எண்ணும் எழுத்தும்' முறை. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கினார்கள், அப்புறம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். என் மகள் அரும்பில் தொடங்கினாள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அவளைப் பாடாய்ப் படுத்தின. டீச்சர் அவளுக்காக மணலில் எழுத வைத்து, புளியங்கொட்டையை அடுக்க வைத்து, இரண்டு மாதம் அதிலேயே நின்றார். போன தீபாவளிக்கு ஜங்ஷனுக்குப் போகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டாமல் படித்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழு மணி டூட்டி, அவர் எட்டேகாலுக்குக் கிளம்பிவிடுவார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போகும், கூடவே காய்கறி சாம்பார். நானும் இரண்டு முறை பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பொங்கல் நன்றாகக் குழைந்திருக்கும், சாம்பாரில் காய் தட்டுப்படும். உப்புமா மட்டும் ஆறினால் கட்டிதட்டிப் போகும். மத்தியானம் சத்துணவு, தினமும் முட்டை. வீட்டில் வெண்டைக்காயைத் தொடாத பிள்ளை அங்கே மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுகிறாள்.

கீழ்வீட்டு அம்மா ஒரு நாள், "அங்கயா அனுப்புதிய? வீட்டு வேலை பாக்கிறவ பிள்ளைகள்லாம் சாப்பாட்டுக்கு வார இடம்லா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் மாமியார் சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் எட்டயபுரம். "காமராசர் மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பிச்சது எங்க ஊர்லதான் தாயி. அதைச் சாப்பிட்டுத்தான் நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சேன்" என்றார். அந்த அம்மா நல்லவர்தான். அதற்கப்புறம் என் மகளிடம் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று தினமும் அவரே கேட்கிறார்.

இனி குறைகள். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் 34 பிள்ளைகளும் ஒருவர் பொறுப்பில். அந்த நாட்களில் பாடம் நடக்காது, கதையும் படம் வரைவதும்தான். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனால் கணக்கில் நஷ்டம், அதை மறைத்துச் சொல்ல முடியாது. ஆங்கில வழி என்று பெயரேட்டில் தனியாக இருக்கிறது, உட்காருவது எல்லோரும் ஒன்றாகத்தான். ஆங்கிலத்தில் என் மகள் படிக்கிறாள், ஆனால் பேச வரவில்லை. இரவில் நானே அரை மணி நேரம் பேசிப் பழக்குகிறேன். கழிப்பறை கழுவ வருகிறவர் பகுதி நேரம்தான், அவர் வராத நாளில் நாற்றம் வகுப்பு வரை வரும். கார்த்திகை மழையில் மைதானம் குளமாகிவிடும், பத்து நாளுக்கு விளையாட்டு இல்லை.

2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது நானும் உறுப்பினரானேன். குழுவுக்கு 24 பேர் வேண்டும், பெரும்பாலும் பெற்றோர். 34 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் அது கிட்டத்தட்ட எல்லா அம்மாக்களும்தான். தலைவியாக இருப்பவர் தேய்ப்பு வண்டிக்காரரின் மனைவி. கழிப்பறைக்குத் தண்ணீர்த்தொட்டி வேண்டும் என்று தீர்மானம் போட்டு, மனுவோடு நான்கு தடவை ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் போனார். ஐந்தாவது தடவை தொட்டி வந்தது. அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட அவரை உட்காரச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பொறியாளர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளை ஒன்று அங்கே படித்திருந்தால் அந்தத் தொட்டி ஒரு வாரத்தில் வந்திருக்கும்.

ஏன் இரண்டே டீச்சர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு இது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு. எங்களிடம் இருப்பது 34. இன்னும் 27 பிள்ளைகள் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியர் கேட்க நமக்கு உரிமை வரும். டீச்சர் போதவில்லை என்று பிள்ளையை வேனில் ஏற்றுகிறோம், பிள்ளை வராததால் டீச்சர் வருவதில்லை. இந்தக் காலனியின் நான்கு தெருவில் 27 பிள்ளைகள் தாராளமாக இருக்கிறார்கள்.

பலர் குழப்பிக்கொள்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. தொடக்கப் பள்ளியை அந்தக் கணக்கு போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வீட்டுக்கு நடக்கும் தூரம், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் டீச்சர், வயிறு நிறையச் சாப்பாடு. ஐந்து வயசுப் பிள்ளைக்கு நான் பார்த்தது இவைதான்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் கொண்டு போனால் போதும், மற்றதைப் பிறகு கொடுக்கலாம். பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, ஷூ எல்லாம் இலவசம். போன இரண்டு வருடமும் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கையைத் தொடங்கிவிட்டார்கள், அதனால் மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வருடம் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் வெளியே போகிறார்கள். எங்கள் தெருவில் வரும் ஜூனுக்கு ஐந்து வயது முடிகிற பிள்ளைகள் ஆறு பேர். அதில் இரண்டு வீட்டு அம்மாக்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உப்புமா நாள் வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அன்றைக்கு மத்தியான டூட்டிதான், கூடவே போகிறேன்.