ஃபிங்கர்டெக் மினி பவர் சுவிட்ச்: சின்ன ரோபோவுக்கு நம்பிக்கையான சுவிட்ச்

பீட்டில்வெயிட் எனப்படும் 3 பவுண்டு எடைப் பிரிவுச் சண்டை ரோபோ பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அதன் பிளேடு விரலை எடுத்துவிடும். அதனால் பேட்டரிக்கு அடுத்து என்ன சுவிட்ச் இருக்கிறது என்பதில் நான் ரொம்பக் கறார்.

கனடாவின் ஃபிங்கர்டெக் தயாரிக்கும் இந்தச் சுவிட்சில் ஒரு ஸ்குரூதான் எல்லாம். ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) முறுக்கினால் மின்சாரம் பாயும், தளர்த்தினால் நிற்கும். மோதலில் ஸ்லைடு சுவிட்ச் நகர்ந்துவிடலாம். இது லேசில் அசையாது. எக்ஸ்டி60 லிங்க்கை, அதாவது மின்சாரப் பாதையை இணைக்கும் கழற்றக்கூடிய பிளக்கை, பிடுங்குவது இதைவிட வேகம், ஆனால் எடையும் இடமும் அதிகம். பெரிய ரோபோ என்றால் லிங்க்தான் சரி.

கீ நுழையும் துளையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது. பிளேடு சுற்றும் பாதைக்குக் குறுக்கே கை போகவே கூடாது. பின்பக்கம் வையுங்கள், சுற்றிலும் பளிச்சென்று பெயிண்ட் அடியுங்கள்.

நாங்கள் பின்பற்றும் வரிசை இது: முதலில் டிரான்ஸ்மிட்டரை (கையிலிருக்கும் ரிமோட்) ஆன் செய்வோம், பிறகு பிளேடு சுற்றாமல் தடுக்கும் ஆயுதப் பூட்டு மாட்டியபடியே சுவிட்ச். ரோபோவின் விளக்கு எரிந்ததும் பூட்டைக் கழற்றிவிட்டு அரங்கை விட்டு வெளியேறி, கதவைச் சாத்துவோம். ஆட்டம் முடிந்து பிளேடு முழுக்க நின்றதும் பூட்டை மாட்டுவோம், அப்புறம் சுவிட்சை அணைப்போம், கடைசியில்தான் டிரான்ஸ்மிட்டரை. மின்சாரம் நின்ற 60 நொடிக்குள் சுழலும் ஆயுதம் நிற்க வேண்டும் என்பது ஸ்பார்க் (சண்டை ரோபோ போட்டிகளுக்கான விதித் தொகுப்பு) விதி; அந்த நேரம் முழுக்கப் பொறுத்திருங்கள்.

கூடவே இரண்டு ஆலன் கீ வாங்கிவிடுங்கள். ஒன்று எப்போதும் ஓட்டுபவர் கழுத்தில் தொங்கட்டும்.