நூற்றுக்கு 39 ஓட்டு: நம் முறையும் நியூசிலாந்து முறையும்

ஆந்திராவின் நகரியில் தறி ஓட்டும் தமிழ்க் குடும்பங்களில் தேர்தல் பேச்சு வந்தால், "ஊரே அவங்க பக்கம்தான்" என்பார்கள். எண்ணிக்கை அப்படிச் சொல்லவில்லை.

ஆந்திர சட்டமன்றத்தில் 175 இடங்கள். 2019இல் தெலுங்கு தேசம் சுமார் 39 சதவீத ஓட்டு வாங்கியது, கிடைத்தது 23 இடம். 2024இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கும் அதே 39 சதவீதம்தான், கிடைத்ததோ 11. ஓட்டுக்கு ஏற்ற பங்கு என்றால் இருவருக்கும் 68 வந்திருக்கும். எந்தக் கட்சியைப் பிடித்தாலும் சரி, இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. தொகுதியில் முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற முறையின் விளைவு இது. 2014இல் பா.ஜ.க. 31 சதவீத ஓட்டில் மக்களவையின் 543 இடங்களில் 282ஐப் பிடித்ததும் இப்படித்தான்.

நியூசிலாந்தில் 1996 முதல் ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. கட்சி ஓட்டுதான் மொத்த இடங்களைத் தீர்மானிக்கிறது. 2020இல் தொழிற்கட்சி 50 சதவீதம் வாங்கி, 120இல் 65 இடம் பெற்றது. பெரும்பாலும் கூட்டணி ஆட்சிதான் அமைகிறது, பேரம் நீளும். அது உண்மையான குறை.

எங்களுக்கு இதில் ஒரு கவலை உண்டு. நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் என்று சிதறிக் கிடக்கும் தமிழர் ஓட்டு, கட்சி ஓட்டு வந்தால் ஒரே கட்சிக்குச் சேரலாம். ஆனால் நியூசிலாந்தில் தொகுதி எதிலும் வெல்லாத கட்சி இடம் பெற, கட்சி ஓட்டில் 5 சதவீதமாவது வாங்க வேண்டும். மாநிலம் முழுக்க அந்த வரம்பு வைத்தால் நாங்கள் காணாமல் போவோம். தறிக்கு மின்கட்டணம் ஏறினால் போய்க் கேட்க உள்ளூர் எம்.எல்.ஏ.வும் வேண்டும். அதனால் வரம்பைக் குறைத்த இரண்டு ஓட்டு முறைக்கே என் ஆதரவு.