பச்சை டிக் வந்துவிட்டது, தளம்தான் மாறவில்லை: வெப்ஹூக்கோடு 4 வருடம்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் கேட்டான்: "மச்சான், புஷ் பண்ணினதும் சர்வர்ல தானா ஏறணும். பெருசா எதுவும் வேணாம், சின்னதா ஒண்ணு சொல்லு." புஷ் என்றால் எழுதிய கோடை, அதைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்துக்கு அனுப்புவது. அனுப்பியதும் அது தானாகவே தளம் ஓடும் சர்வருக்கும் போய்ச் சேர வேண்டும் என்கிறான். பதில் எழுத ஆரம்பித்து மூன்று முறை அழித்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. எது வாயில் வரும் என்பது அன்று காலை லாகில் (சர்வர் நடந்ததை எழுதி வைக்கும் பதிவில்) என்ன பார்த்தேன் என்பதைப் பொறுத்தது.

நான் வைத்திருப்பது கோ மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல். அதன் பெயரே வெப்ஹூக். நாய்க்கு 'நாய்' என்று பெயர் வைத்த மாதிரி. சிக்கல் வந்து கூகுளில் தேடினால் உலகத்தில் உள்ள எல்லா வெப்ஹூக்கும் வரிசையில் வந்து நிற்கும், இதைத் தவிர. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும், நிரல்களை நிறுவும் ஆப்ட் மூலமே கிடைக்கிறது. ஓட ஒரு பைனரி, அமைப்புகளை எழுத ஒரு ஜேசன் கோப்பு, காது வைத்திருக்க 9000-ஆம் போர்ட். ரிப்போவில், அதாவது கோட் இருக்கும் கிடங்கில், புஷ் நடந்தால் கிட்ஹப் இதன் கதவைத் தட்டும். வந்தது கிட்ஹப்தானா என்று காட்டும் கையொப்பத்தை இது சரிபார்த்துவிட்டு, நாம் சொல்லி வைத்த ஸ்கிரிப்டை (கட்டளைகளின் தொகுப்பை) ஓட்டும். 1 ஜிபி ராம் உள்ள வாடகை சர்வரில் ஐந்து தளங்களை இதை நம்பி விட்டிருக்கிறேன். ராமில் இது இருக்கிற சுவடே தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தானாக விழுந்ததில்லை. இந்தப் பாராட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே போனால் எனக்கு மனசு வராது.

எரிச்சல் ஒன்றுதான். நான்கு வருடமும் அதே ஒன்று.

இந்த நிரலில் 'டிரிக்கர் ரூல்' என்று விதி எழுதலாம்: கையொப்பம் சரியாக இருக்க வேண்டும், கிளை (ரிப்போவில் கோடின் தனி வரிசை) மெயினாக இருக்க வேண்டும், இப்படி. விதி பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடாது. நல்லது. ஆனால் வந்தவருக்கு என்ன பதில் போகிறது தெரியுமா? "விதிகள் பூர்த்தியாகவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதோடு 200 என்ற எண். இணையத்தில் கேள்வியும் பதிலும் போகும் ஹெச்டிடிபி முறையில் 200 என்றால் எல்லாம் சுகம் என்று அர்த்தம். கிட்ஹப் அந்த எண்ணைப் பார்த்து, தான் அனுப்பியவற்றின் டெலிவரிப் பட்டியலில் பச்சை டிக் போட்டுவிடும். சிரித்த முகத்தோடு வாசலிலேயே நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "நல்லா கவனிச்சாங்க" என்று விருந்தாளியின் வாயாலேயே சொல்ல வைத்து அனுப்பும் வீடு இது.

முதல் இரவே இதில் மாட்டினேன். கிட்ஹப்பில் வெப்ஹூக் சேர்க்கும் படிவத்தில் 'கன்டென்ட் டைப்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதைத் தொடவில்லை. அது ஃபார்ம் வடிவத்தில் இருந்தது, ஜேசனில் இல்லை. அப்படி அனுப்பினால் மொத்த ஜேசனும் 'பேலோட்' என்ற ஒரே புலத்துக்குள் சுருட்டிக்கொண்டு வரும். என் விதி தேடிய 'ரெஃப்', அதாவது கிளைப் பெயர் வரும் புலம், அதற்கு வெளியே இருக்காது. விதி பொருந்தவில்லை. 200. பச்சை டிக். நான் ஸ்கிரிப்டில் கோளாறு என்று நினைத்து இரண்டு மணி நேரம் ஸ்கிரிப்டையே திருத்திக்கொண்டிருந்தேன். அந்த ஸ்கிரிப்ட் ஒரு தடவைகூட ஓடவே இல்லை என்பது விடியும்போதுதான் உறைத்தது.

சரி, புதுசு, என் கவனக்குறைவு என்று விட்டுவிட்டேன். அடுத்தது ஒரு வருடம் கழித்து. 2020 அக்டோபர் முதல் கிட்ஹப் புது ரிப்போக்களுக்கு முதன்மைக் கிளையை மெயின் என்றே வைக்கிறது. என்னிடம் ஒரே ஒரு பழைய ரிப்போ மட்டும் மாஸ்டர் என்ற பழைய பெயரிலேயே கிடந்தது. எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றினேன். சர்வரில் விதி இன்னும் மாஸ்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அது ஒரு ஹார்ட்வேர் கடையின் தளம். விலைப் பட்டியலை மாற்றி, புஷ் செய்து, பச்சை டிக்கையும் பார்த்துவிட்டு, "முடிந்தது அண்ணாச்சி" என்று செய்தி போட்டேன். மறுநாள் அவர் அழைத்தார். "தம்பி, மாத்தியாச்சுன்னு சொன்னீங்க. என் போன்ல பழைய விலைதான் வருது." நான் என்ன சொன்னேன்? "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க." அவர் செய்தார். போனை அணைத்துப் போட்டார். கடைப் பையனின் போனிலும் பார்த்தார். 11 நாள் இந்தக் கூத்து நடந்தது. பட்டியலில் பச்சை டிக்குகள் மட்டும் தோரணம் கட்டினாற்போல அழகாக இருந்தன. பழைய விலைக்கே சிமென்ட் கேட்டு வந்தவர்களுக்கு அவர் பழைய விலைக்கே கொடுத்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது குரல்கூட உயரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது. புது ரிப்போ ஒன்றுக்கு வெப்ஹூக் சேர்க்கும்போது, கையொப்பம் போடுவதற்கான ரகசியச் சொல்லை எழுதும் சீக்ரெட் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். சீக்ரெட் இல்லாவிட்டால் கிட்ஹப் கையொப்பத் தலைப்பையே (கோரிக்கையோடு கையொப்பத்தைச் சுமந்து வரும் வரியையே) அனுப்பாது. கையொப்பம் இல்லாத கோரிக்கையை நிரல் தடுத்துவிட்டது, பாதுகாப்பு என்ற அளவில் முழு மதிப்பெண். ஆனால் பதில்? அதே 200. தவறான சீக்ரெட் போட்டால் மட்டும், என்னிடம் இருக்கும் பதிப்பில், 500 வருகிறது. சர்வரே நொறுங்கினாற்போல சிவப்பு. அடையாள அட்டை இல்லாமல் வந்தவனைச் சிரித்து அனுப்புவார்கள், தப்பான அட்டையோடு வந்தால் அலறுவார்கள். அனுமதி இல்லை என்று சொல்ல 401, 403 என்றெல்லாம் எண்கள் எதற்குத்தான் இருக்கின்றனவோ.

நியாயமாகப் பேசினால், இதை மாற்ற ஒரு அமைப்பு உண்டு. டிரிக்கர்-ரூல்-மிஸ்மேட்ச்-ஹெச்டிடிபி-ரெஸ்பான்ஸ்-கோட் என்று ரயில் நீளத்துக்கு அதன் பெயர். ஆவணத்தில் எழுதியே இருக்கிறது. படிக்காதது நான்தான். அதில் 403 என்று போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. கிளை பொருந்தாததும் விதி பொருந்தாததுதானே? என்னோடு வேலை செய்யும் பையன் தன் சோதனைக் கிளையில் நாளுக்கு இருபது முறை புஷ் செய்வான். இருபதும் சிவப்பாக வந்து விழுந்தன. உண்மையான சிவப்பு எது என்று கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துவிடும். அப்போதுதான் முன்னிருப்பாக 200 வைத்தவர்களின் பக்கம் கொஞ்சம் புரிந்தது. வேறு கிளைக்கு வந்த புஷ் ஒன்றும் குற்றமில்லையே.

கடைசியில் இப்படிப் பிரித்தேன். விதியில் கையொப்பம் ஒன்று மட்டும். கோரிக்கை கையொப்பத் தலைப்பே இல்லாமல் வந்தால் 403. கிளை சரியா என்பதை ஸ்கிரிப்டே பார்த்துக்கொள்ளும். மெயின் இல்லையென்றால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாக வெளியேறும். இப்போது சிவப்பு என்றால் கதவில் பிரச்சினை என்று அர்த்தம். பச்சை என்றால் தபால் சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே நடந்ததை அது சொல்லாது, ஏனென்றால் நிரல் ஸ்கிரிப்டைத் துவக்கிவிட்டு அது முடியும்வரை காத்திருக்காமல் பதில் சொல்லிவிடும். காத்திருக்கவும் சொல்லலாம், ஆனால் கிட்ஹப் 10 விநாடிதான் பொறுக்கும். என் தளங்களுக்கு வேண்டிய தொகுதிகளை என்பிஎம் என்ற கருவி நிறுவவே அதைவிட அதிக நேரம் ஆகிறது. அதனால் ஸ்கிரிப்டின் கடைசி வரி டெலிகிராமுக்கு ஒரு செய்தி அனுப்பும்: தளத்தின் பெயர், ஏறிய கமிட்டின் (சேமித்த மாற்றத்தின்) அடையாளக் குறியில் முதல் 7 எழுத்து. அது வராமல் நான் யாருக்கும் "முடிந்தது" என்று சொல்வதில்லை. அண்ணாச்சிக்கு மட்டும் தளத்தை என் போனிலும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் காரணம். வெளியே எங்கோ ஓடி கோடை ஏற்றிவிடும் பைப்லைன், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக என் சர்வருக்குள் வர வேண்டுமென்றால், சர்வருக்குள் நுழையும் தனிச்சாவியை வெளியே கொடுத்து வைக்க வேண்டும். அது கசிந்தால் அந்தப் பயனருக்கு எட்டுகிற எல்லாமும் கசிந்தது. இங்கே வெளியே இருப்பது ஒரு சீக்ரெட் மட்டும். ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கக் கருவியில் ஒரே கட்டளையில் எடுத்த 64 எழுத்து. அதுகூடக் கோரிக்கையோடு பயணம் செய்வதில்லை. கிட்ஹப் செய்தியையும் சீக்ரெட்டையும் கலந்து எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஒரு எச்மேக் கையொப்பம் போட்டு அதை மட்டும் தலைப்பில் அனுப்புகிறது. நாம் நம் பக்கம் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறோம். சரி, சீக்ரெட் கசிந்தே போகட்டும், திருடன் என்ன செய்வான்? ரிப்போவில் ஏற்கெனவே இருக்கும் என் கோடை என் சர்வரில் இன்னொரு முறை ஏற்றுவான். ஏற்றட்டும், புண்ணியமாகப் போகும். பழைய கோரிக்கையைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்பினாலும் இதே கதைதான், ஸ்கிரிப்ட் எப்போதும் மெயினின் இப்போதைய நிலையைத்தான் இழுக்கும்.

இந்த நிம்மதி தானாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்ட் வழியாக நிறுவியபோது சர்வீஸ் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் எல்லா முகவரியிலும் காது வைத்தபடி. முதல் வேலையாக, சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டும் 127.0.0.1-இல் மட்டும் கேட்கச் சொல்லி, முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வரையும், இணைப்பைப் பாதுகாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழையும் வைத்தேன். டெப்ளாய் என்று தனிப் பயனர். அவருக்கு, ரூட் அதிகாரத்தைக் கடன் தரும் சூடோவில் ஒரே ஒரு கட்டளை, அந்தத் தளத்தின் சர்வீஸை மறுதொடக்கம் செய்ய. ரிப்போவுக்கான சாவி படிக்க மட்டும். இரண்டு புஷ் அடுத்தடுத்து வந்தால் ஸ்கிரிப்டுகள் ஒன்றை ஒன்று மிதிக்காமல் இருக்க எஃப்லாக் என்ற பூட்டு. கிளைப் பெயரை ஸ்கிரிப்டில் எங்கே பயன்படுத்தினாலும் மேற்கோள் குறிக்குள். கிட் கிளைப் பெயரில் டாலர் குறியும் அடைப்புக்குறியும் வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஹூக் கோப்பில் சீக்ரெட்டை அப்படியே எழுதி, அந்தக் கோப்பையே ரிப்போவில் ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். இந்த நிரலில் டெம்ப்ளேட் வசதி இருக்கிறது, சீக்ரெட்டை, கோப்புக்கு வெளியே வைக்கும் சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதைப் பயன்படுத்துங்கள். கிட்ஹப்பின் ஐபி பட்டியலை வைத்து வடிகட்டவும் ஒரு காலத்தில் முயன்றேன். பட்டியல் அவ்வப்போது மாறும், நான் மாற்ற மறப்பேன், எடுத்துவிட்டேன்.

எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் உண்டு, அது நிரலில் இல்லை, மறுபக்கத்தில். கிட்ஹப்பின் டெலிவரிப் பட்டியலில் ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பும் உடலும், நம் சர்வர் சொன்ன பதிலும் அப்படியே கிடைக்கும். பக்கத்திலேயே மறுபடி அனுப்பும் பொத்தான். அனுப்பியது தோற்றால் கிட்ஹப் தானாக மறுபடி முயலாது. ஆனால் 3 நாளுக்குள் நாமே அழுத்தலாம். சும்மா ஒரு காற்புள்ளியை மாற்றி "சோதனை", "சோதனை 2", "கடைசி சோதனை" என்று கமிட் போட்டுக்கொண்டிருந்த காலம் போயிற்று. ஒரு இரவு முழுக்க அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்தியே ஒரு ஸ்கிரிப்டைச் சரிசெய்திருக்கிறேன். அந்தப் பதில் பகுதியைத் திறந்து படித்திருந்தால் "விதிகள் பூர்த்தியாகவில்லை" என்ற வரி முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். டிக் பச்சையாக இருக்கும்போது யார் திறந்து படிக்கிறார்கள்?

மலிவு, லேசு, விழாது, சாவி வெளியே போகாது. இத்தனையும் எழுதிவிட்டு நண்பனுக்கு நான் அனுப்பிய பதில்: "வேண்டாம்." அன்று காலையில் வேறொரு தளத்தில் ஸ்கிரிப்ட் பாதியில் செத்துக் கிடந்தது, மேலே பச்சை டிக் மினுங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கோபம். சாப்பிட்டுவிட்டு வந்து, சீக்ரெட்டை எடுத்துவிட்டு, என் ஜேசன் கோப்பையும் ஸ்கிரிப்டையும் அவனுக்கு அனுப்பினேன். ஸ்கிரிப்டில் டெலிகிராம் வரியை மட்டும் அவனே எழுதிக்கொள்ள வேண்டும், டோக்கன் (டெலிகிராமுக்கான சாவி) அவனுடையது.

நேற்று இரவு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. டெலிவரிப் பட்டியலில் ஒரே ஒரு வரி, பக்கத்தில் பச்சை டிக். கீழே, "மச்சான், ஒர்க் ஆயிடுச்சு!!!"

பெரிதாக்கிப் பார்த்தேன். வெப்ஹூக்கைச் சேர்த்தவுடன் கிட்ஹப் தானாக அனுப்பும் பிங் என்ற சோதனைச் செய்தி அது. அவன் இன்னும் புஷ்ஷே செய்யவில்லை.